மலையில இருந்து ஹாஸ்கல் டூல் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீங்க யாரு, என்னதான் பண்றீங்க?

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கூடலூர் பக்கம் இருந்துட்டு ஹாஸ்கல்ங்கற ப்ரோக்ராமிங் மொழில கோட் எழுதறவங்க நாங்க. சிலர் வீட்ல இருந்தே கம்பெனி வேலை பாக்கறாங்க, சிலர் காலேஜ்ல சொல்லித் தர்றாங்க, ரெண்டு மூணு பேர் இப்பதான் படிச்சு முடிச்சவங்க. ஓய்வு நேரத்துல ஹாஸ்கலோட எடிட்டர் டூல் பக்கம், முக்கியமா எடிட்டருக்குப் பின்னாடி இருந்து கோட்ல இருக்கற தப்பையெல்லாம் சொல்ற, ஹெச்எல்எஸ்ங்கற ஹாஸ்கல் லாங்குவேஜ் சர்வர் பக்கம், கைல ஆகற வேலையைப் பண்றோம். யாருக்கும் இதுக்குச் சம்பளம் கிடையாது. புதுசா சேர்ற ஒவ்வொருத்தரும் "இது ஏன் இன்னும் வரல, அது ஏன் இப்படி இருக்கு"ன்னு ஒரே மாதிரி கேள்விங்கதான் கேக்கறாங்க, எல்லாமே நியாயமான கேள்விங்கதான், அதான் பதிலை ஒரே இடத்துல எழுதி வச்சுட்டோம்.

கம்பைலர்தானே முக்கியம்? எடிட்டர் டூல்ல போய் ஏன் நேரத்தைப் போடறீங்க?

ஜிஹெச்சி, அதாவது ஹாஸ்கல் கோடை மெஷின்ல ஓடற ப்ரோக்ராமா மாத்தற, கிளாஸ்கோ யுனிவர்சிட்டில ஆரம்பிச்ச அந்தக் கம்பைலர், முப்பது வருஷத்துக்கு மேல ஆளுங்க உழைச்சு உருவானது. அதுக்கு முழுநேரமா சம்பளத்துக்கு வேலை செய்யற சிலரும் இருக்காங்க. வெல்-டைப்ட் மாதிரி கன்சல்டன்சி கம்பெனிங்க, ஹாஸ்கலைப் பயன்படுத்தற மத்த நிறுவனங்க கொடுக்கற பணத்துல அதைப் பாத்துக்கறாங்க. எடிட்டர் பக்கம் அந்த அளவுக்கு ஆளும் கிடையாது பணமும் கிடையாது.

ஆனா புதுசா கத்துக்கறவங்க முதல்ல பாக்கறது எடிட்டரைத்தான். டைப் (அது எந்த வகை மதிப்புங்கறது) என்னன்னு காட்டுதா, தப்பு பண்ணா சிவப்புக் கோடு வருதா, பேரைக் க்ளிக் பண்ணா அது எழுதியிருக்கற இடத்துக்குப் போகுதா, இது மூணும் நடக்கலன்னா மொழி எவ்வளவு அழகா இருந்தாலும் ரெண்டாவது வாரம் விட்டுட்டுப் போயிருவாங்க. 2016ல மைக்ரோசாஃப்ட் லாங்குவேஜ் சர்வர் ப்ரோட்டோகால்னு ஒண்ணு வெளியிட்டாங்க, அதுக்கு முன்னாடி ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியா ப்ளக்இன் எழுதணும், இப்ப ஒரு மொழிக்கு ஒரு சர்வர் எழுதினா விஎஸ் கோட், ஈமாக்ஸ், விம் எல்லாத்துலயும் ஓடும். சின்னக் குழுவுக்கு இது பெரிய வரம், ஒரு இடத்துல உழைச்சா எல்லாருக்கும் போய்ச் சேருது.

புது ஜிஹெச்சி வந்து ரொம்ப நாளாச்சு, ஹெச்எல்எஸ் ஏன் இன்னும் வரல?

அதிகமா வர்ற கேள்வி இதுதான், அதனால கொஞ்சம் விலாவரியா சொல்றேன்.

ஹெச்எல்எஸ் தானா ஹாஸ்கலைப் புரிஞ்சுக்கறது இல்ல. ஜிஹெச்சியோட உள்பாகங்களையே லைப்ரரியா எடுத்து உள்ள வச்சுக்குது. அதனாலதான் டைப் விஷயத்துல அது சொல்றது எப்பவும் கம்பைலர் சொல்றதோட ஒத்துப்போகுது, அது பெரிய பலம். ஆனா அந்த உள்பாகங்க வெளி ஆளுங்களுக்காக எழுதினது கிடையாது. ஜிஹெச்சிக்கு அடிக்கடி ஒரு பெரிய ரிலீஸ் வருது, உதாரணமா 9.8 வந்தது 2023 அக்டோபர்ல, 9.10 வந்தது 2024 மே மாசம், 9.12 அதே வருஷம் டிசம்பர்ல. ஒவ்வொரு தடவையும் உள்ள ஏதாவது மாறும்.

என்ன மாறும்னா, சின்னச் சின்னதாதான் மாறும். உதாரணத்துக்கு ஒரு இம்போர்ட் லைனைக் குறிக்கற கன்ஸ்ட்ரக்டர்ல நாலு ஃபீல்ட் இருந்ததுன்னு வைங்க, புது வெர்ஷன்ல அஞ்சாயிரும். அவ்வளவுதான். ஆனா அந்த நாலு ஃபீல்டையும் எண்ணி எழுதியிருக்கற (பேட்டர்ன் மேட்ச்) ஒவ்வொரு ப்ளக்இன்லயும், அதாவது ஹெச்எல்எஸ்ஸுக்குள்ள ஒவ்வொரு வசதியையும் தர்ற துண்டுலயும், பில்ட் உடையும், பழைய வெர்ஷனும் ஓடணும்கறதால சும்மா மாத்திட்டுப் போயிர முடியாது, "9.10க்கு மேலன்னா இப்படி, கீழன்னா அப்படி"ன்னு ரெண்டு வழியும் எழுதணும், அதையெல்லாம் ஒரே இடத்துல மறைச்சு வைக்கறதுக்குன்னே உள்ள கம்பாட்னு ஒரு மாட்யூல் இருக்கு, ஒவ்வொரு ரிலீஸுக்கும் அது வளந்துட்டே போகுது. இதுல புத்திசாலித்தனம் காட்ட ஒண்ணுமே இல்ல. பொறுமைதான் வேணும். முடிச்சா யாரும் கை தட்டவும் மாட்டாங்க, ஏன்னா வெளிய இருந்து பாத்தா நேத்து ஓடுனது இன்னைக்கும் ஓடுது, அவ்வளவுதான் தெரியும்.

இது போதாதுன்னு நம்ம ப்ராஜெக்ட் எந்த ஜிஹெச்சில பில்ட் ஆகுதோ அதே ஜிஹெச்சில பில்ட் பண்ண ஹெச்எல்எஸ்தான் ஓடும். அதனால ஒரு ரிலீஸ்னா ஒரு பைனரி இல்ல, ஆதரிக்கற ஒவ்வொரு ஜிஹெச்சிக்கும் ஒண்ணு, அதுவும் லினக்ஸ், மேக், விண்டோஸ்னு தனித்தனியா.

நீங்க பண்ண வேண்டியது ஒண்ணுதான். ஹாஸ்கல் டூல்களை இன்ஸ்டால் பண்ணித் தர்ற ஜிஹெச்சிஅப்ல "பரிந்துரை"ன்னு குறிச்சிருக்கற வெர்ஷனைப் போடுங்க. புதுசா வந்ததை அன்னைக்கே போட்டுட்டு எடிட்டர் ஓடலன்னு வருத்தப்படாதீங்க.

ப்ளக்இன் எல்லாத்தையும் ஏன் ஒரே மாதிரி பாத்துக்கல? நான் யூஸ் பண்ணிட்டிருந்தது புது வெர்ஷன்ல காணோம்

எல்லாத்தையும் பாத்துக்க ஆள் இல்லங்க. ஹெச்எல்எஸ்ல ப்ளக்இன்களை மூணு அடுக்கா பிரிச்சு வெளிப்படையாவே எழுதி வச்சிருக்காங்க. முதல் அடுக்குல இருக்கறது உடைஞ்சா ரிலீஸே நிக்கும். ரெண்டாவது அடுக்கு, முடிஞ்சவரைக்கும் ஓட வைப்பாங்க, ஆனா அது ரிலீஸுக்குக் குறுக்க நின்னா தற்காலிகமா அணைச்சுருவாங்க. மூணாவது அடுக்குக்குப் பாத்துக்க ஆள் வேணும்னு அர்த்தம். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா "எல்லாமே முக்கியம்"னு சொல்லிட்டு எதையும் முடிக்காம இருக்கறதை விட, எதைக் கைவிடுவோம்னு முன்கூட்டியே சொல்லிர்றது பயன்படுத்தறவங்களுக்குக் காட்டற மரியாதை. உங்க ப்ளக்இன் காணோம்னா அது எந்த அடுக்குல இருக்குன்னு பாருங்க. மூணாவதுல இருந்தா, அதைக் காப்பாத்தற ஆள் நீங்களா கூட இருக்கலாம்.

பழைய ஜிஹெச்சிக்கு ஆதரவை நிறுத்தறது அநியாயம் இல்லையா? எங்க ஆபீஸ்ல இன்னும் பழசுதான் ஓடுது

கஷ்டம் புரியுது. ஆனா தேயிலைல நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா கவாத்து வெட்டறோம் இல்ல, வெட்டுன தோட்டத்துல கொஞ்ச மாசத்துக்குக் கொழுந்து கிடைக்காது, வெட்டாம விட்டா செடி கைக்கே எட்டாம போயிரும், இதுவும் அதே கணக்குதான். நாலு வெர்ஷனுக்குப் பதிலா ஏழு வெர்ஷனைத் தூக்கிட்டுப் போனா ஒவ்வொரு சின்ன மாத்தத்தையும் ஏழு தடவை டெஸ்ட் பண்ணணும். பழைய ஹெச்எல்எஸ் ரிலீஸ் எங்கயும் போயிரல, பழைய ஜிஹெச்சியோட அதை ஜிஹெச்சிஅப்ல இருந்து போட்டு ஓட்டிக்கலாம். புது வசதி வராது, அவ்வளவுதான்.

ஒரு முன்னுரிமைப் பட்டியல் போட்டு எல்லாரையும் முதல் வேலைல இறக்கினா சீக்கிரம் முடியாதா அண்ணா?

கம்பெனில முடியும். அங்க மேனேஜர் "இந்த மாசம் நீ டீபக்கர் பக்கம் போ"ன்னு சொன்னா போய்த்தான் ஆகணும். தன்னார்வலர் வேலைல அப்படி நகத்த முடியாது. ஒருத்தர் கோட் ஃபார்மேட்டர்ல ஆசையா வேலை செய்யறார்னு வைங்க, "அது முக்கியம் இல்ல, நீங்க மெமரி பிரச்சனையைப் பாருங்க"ன்னு சொன்னா அவர் மெமரி பக்கம் வரமாட்டார், வீட்டுக்குப் போயிருவார், இப்ப நமக்கு ஃபார்மேட்டரும் இல்ல, மெமரியும் சரியாகல. மொத்தமா இத்தனை மணி நேரம் இருக்கு, இங்கேர்ந்து எடுத்து அங்க போடலாம்னு ஒரு கணக்கு எல்லாரு மனசுலயும் ஓடுது, அந்தக் கணக்கே தப்பு. ஒவ்வொருத்தர் நேரமும் அவங்கவங்க ஆர்வத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கு, தனியா பிரிச்சு எடுக்க முடியாது.

அப்ப பட்டியலே வேண்டாமான்னா, வேணும். அது ஆளை நகத்தாது, ஆனா என்ன பண்றதுன்னு தெரியாம வந்து நிக்கறவங்களுக்கு வழி காட்டும். பட்டியல்ல "மெமரியைக் குறைக்கணும்"னு ஒரு வரி இருந்தா யாருக்கும் பிரயோஜனம் இல்ல. "இந்தப் ப்ராஜெக்ட்டைத் திறந்தா மெமரி இவ்வளவு ஏறுது, அளக்கறது இப்படி, சந்தேகப்படற மாட்யூல் இது, கேள்வி இருந்தா இன்னார்கிட்ட கேளுங்க"ன்னு இருந்தா ஒரு சனிக்கிழமை உக்காந்து ஆரம்பிக்கலாம். அந்த மாதிரி எழுதி வைக்கறது கோட் எழுதறதுக்குச் சமமான வேலைன்னு நான் உறுதியா நம்பறேன்.

இன்னொண்ணு, இதை எத்தனை தடவை சொன்னாலும் பத்தாது: இங்க ரொம்பத் தட்டுப்பாடான பொருள் கோட் எழுதறவங்க இல்ல, அதைப் படிச்சுப் பாத்து "சரி, சேத்துக்கலாம்"னு சொல்றவங்க. கோட் எழுத பத்துப் பேர் வருவாங்க, ரிவ்யூ பண்ற அளவுக்கு உள்விவரம் தெரிஞ்சவங்க ரெண்டு பேர்தான் இருப்பாங்க. அதனால எங்க குழுல புதுசா ஒரு வசதி எழுதறதுக்கு முன்னாடி, மத்தவங்க அனுப்பி வச்சுக் காத்துக் கெடக்கறதை எடுத்து ஓட்டிப் பாத்து, "எங்க மெஷின்ல ஓடுது, இந்த இடத்துல டெஸ்ட் இல்ல"ன்னு எழுதுங்கன்னு சொல்றோம். ப்ராஜெக்ட்டைப் பாத்துக்கற மெயின்டெய்னரோட பாரம் அதுல நிஜமாவே குறையுது.

கேபல் ஒண்ணு ஸ்டாக் ஒண்ணுன்னு ரெண்டு பில்ட் டூல் எதுக்கு? ஒண்ணாச் சேத்துட்டா பாதி ஆள் மிச்சமாகுமே?

மிச்சமாகாது, மேல சொன்ன அதே காரணம்தான். ஸ்டாக் 2015ல வந்தப்ப கேபல்ல பேக்கேஜ்கள் ஒண்ணோட ஒண்ணு மோதி இன்ஸ்டாலே ஆகாம நிக்கற கொடுமை இருந்துச்சு, ஸ்டாக் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போற பேக்கேஜ் வெர்ஷன்களை ஒரு தொகுப்பா கொடுத்து அதைத் தீத்துச்சு. அப்புறம் கேபலும் உள்ளயே மாறிருச்சு, 2019ல வந்த 3.0ல, பேக்கேஜ்கள் அப்படி மோதாத புது முறையே வழக்கமான முறையாயிருச்சு. இன்னைக்கு ரெண்டும் நல்லாவே ஓடுது, ரெண்டுக்கும் தனித்தனியா அக்கறை உள்ள ஆளுங்க இருக்காங்க.

சேர்றது நடக்கவே நடக்காதுன்னும் இல்ல. ஹெச்எல்எஸ்ஸே அப்படிச் சேந்ததுதான். ஹாஸ்கல் ஐடிஇ எஞ்சின்னு ஒரு ப்ராஜெக்ட், டிஜிட்டல் அசெட் கம்பெனில பிறந்த ஜிஹெச்சைட்னு இன்னொண்ணு, ரெண்டு பக்கத்து ஆளுங்களும் 2020 ஜனவரில சேந்து வேலை செய்யலாம்னு முடிவு பண்ணாங்க. அது ஏன் நடந்துச்சுன்னா, ரெண்டு பக்கமும் ஒரே சுமையைத் தூக்கிட்டு இருந்தாங்க, ஒருத்தர்கிட்ட நல்ல அடித்தளம் இருந்துச்சு, இன்னொருத்தர்கிட்ட நிறைய ப்ளக்இன் இருந்துச்சு. வேலை செய்யறவங்களே விரும்பினாங்க. வெளிய இருந்து நாலு பேர் சத்தம் போட்டதால நடந்தது இல்ல.

ரஸ்ட்ல எடிட்டர் சப்போர்ட் பிரமாதமா இருக்கே, நமக்கு ஏன் முடியல?

ரஸ்ட்ங்கற மொழிலயும் முதல்ல நம்ம மாதிரிதான் கம்பைலரையே உள்ள வச்சு ஆர்எல்எஸ்னு ஒண்ணு பண்ணாங்க. அது மெதுவா இருந்துச்சு. அப்புறம் ரஸ்ட்-அனலைசர்னு எடிட்டருக்குன்னே, கோடைப் படிச்சுப் புரிஞ்சுக்கற முன்பகுதியைத் தனியா, முதல்ல இருந்து எழுதினாங்க, 2022ல ஆர்எல்எஸ்ஸை ஓரங்கட்டிட்டு அதையே அதிகாரப்பூர்வமா ஆக்கிட்டாங்க. ஹாஸ்கலுக்கும் அப்படி எழுதலாமேன்னு கேப்பீங்க. ஜிஹெச்சியோட டைப் சிஸ்டம், அதுக்கு மேல இருக்கற எக்ஸ்டென்ஷன்கள், கம்பைல் ஆகற நேரத்துலயே கோடை ஓட்டற டெம்ப்ளேட் ஹாஸ்கல், இது அத்தனையையும் ரெண்டாவது தடவை எழுதறதுங்கறது இப்ப இருக்கற ஆள் பலத்துக்கு எட்டாத வேலை. அதான் ஜிஹெச்சிகூடவே பேசி, உள்பாகங்களைக் கொஞ்சம் நிலையா வச்சுக்கச் சொல்ற வழில போயிட்டு இருக்காங்க, எனக்கும் அதான் சரின்னு படுது.

பணம் இருந்தாலும் நிம்மதி நிரந்தரம் இல்ல. 2020 ஆகஸ்ட்ல, ரஸ்ட்டை வளத்த மொசில்லா சுமார் 250 பேரை வேலையை விட்டு எடுத்தாங்க, ரஸ்ட்ல வேலை செஞ்சவங்களும் அதுல இருந்தாங்க. 2021 பிப்ரவரில ரஸ்ட் ஃபவுண்டேஷன் வந்த பிறகுதான் ஒரே கம்பெனியை நம்பியிருக்கற நிலை மாறிச்சு.

காசு கொடுத்தா தீந்துராதா?

சில விஷயம் தீரும். ஹெச்எல்எஸ்ஸுக்கு ஓப்பன் கலெக்டிவ்ல நன்கொடை வாங்கற வசதி இருக்கு, ஹாஸ்கல் ஃபவுண்டேஷன் 2020ல இருந்து இருக்கு. என் கருத்து என்னன்னா பணத்தை ஆசையா யாரும் செய்யாத வேலைக்குப் போடணும்: புது ஜிஹெச்சிக்கு மாத்தறது, ரிலீஸ் போடறது, டெஸ்ட் மெஷின் ஓட்டறது. பளிச்சுன்னு தெரியற புது வசதியை எழுத ஆர்வம் உள்ளவங்க எப்படியும் வருவாங்க, அதுக்குப் பணம் தேவையில்ல.

யாரும் கண்டுக்காத வேலைக்குப் பணம் போகலன்னா என்ன ஆகும்ங்கறதை 2014ல ஹார்ட்பிளீட்ங்கற பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்தப்ப உலகமே பாத்துச்சு. அந்த ஓட்டை இருந்தது ஓப்பன்எஸ்எஸ்எல்ல, இணையத்துல பெரும்பகுதி நம்பியிருந்த அந்த மென்பொருளுக்கு வருஷத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்தான்.

மெயின்டெய்னர் பதிலே போடல. திரும்பத் திரும்பக் கேக்கலாமா?

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவை மரியாதையா கேளுங்க, கூடவே நீங்க என்ன பாத்தீங்கன்னு புதுசா ஒரு தகவல் சேத்துச் சொல்லுங்க. அதுக்கு மேல நெருக்காதீங்க. 2024 மார்ச்ல எக்ஸ்இசட்ங்கற, ஃபைலைச் சுருக்கற மென்பொருள்ல ரகசியமா உள்ள நுழையறதுக்குப் பின்கதவு வச்ச சம்பவம் நினைவிருக்கும், அந்த ப்ராஜெக்ட்டைத் தனி ஆளா சம்பளம் இல்லாம பாத்துட்டு இருந்தவர் களைச்சுப்போயிருந்த நேரத்துல, "ஏன் இவ்வளவு மெதுவா இருக்கீங்க, வேற ஆள்கிட்டக் கொடுங்க"ன்னு பல பேர்ல நெருக்குதல் வந்துச்சு, உதவி செய்யறேன்னு வந்து வருஷக்கணக்கா நம்பிக்கை சம்பாதிச்ச ஒருத்தர்தான் கடைசில அதை வச்சது. வேற மெஷினுக்குள்ள நுழையற எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு கவனிச்ச ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட்ங்கற இன்ஜினியராலதான் அது வெளிய வந்துச்சு. களைச்சுப்போன ஆளை நெருக்கறது பண்பாடு சம்பந்தப்பட்டது மட்டும் இல்ல, பாதுகாப்பு சம்பந்தப்பட்டதும்கூட.

ஏஐ-கிட்ட எழுதி வாங்கி அனுப்பலாமா?

வரிக்கு வரி உங்களுக்குப் புரிஞ்சு, நீங்களே ஓட்டிப் பாத்திருந்தா அனுப்புங்க. புரியாம அனுப்பினா அதைப் புரிஞ்சுக்கற வேலை ரிவ்யூ பண்றவர் தலைலதான் விழும், நம்மகிட்ட இல்லாததே அந்த ரிவ்யூ நேரம்தான்.

தமிழ் சப்போர்ட் ஏன் முன்னுரிமைல இல்ல?

இதை அடிக்கடி கேக்கறது காலேஜ் பசங்க. அவங்க முதல்ல பாக்கறது இதுதான்: அம்மான்னு ஒரு ஸ்ட்ரிங் எழுதி ப்ரின்ட் பண்ணா "\2949\2990\3021\2990\3006"னு வருது. தமிழ் தெரியலன்னு நினைச்சு மனசு விட்டுர்றாங்க. தமிழ் நல்லாவே தெரியும், ப்ரின்ட் ஃபங்ஷன் ஸ்ட்ரிங்கை கோட்ல எழுதற வடிவத்துல காட்டுது, ஆஸ்கி, அதாவது ஆங்கில எழுத்துத் தொகுப்பு, தாண்டின எழுத்தையெல்லாம் யூனிகோட் எண்ணா மாத்திருது, மொழியோட வரையறைலயே அப்படித்தான். ப்ரின்ட்டுக்குப் பதிலா புட்ஸ்ட்ரிங்-லைன் (putStrLn) போட்டீங்கன்னா அம்மான்னே வரும், விண்டோஸ்ல மட்டும் டெர்மினலை யூடிஎஃப்-8க்கு மாத்திக்கணும்.

டைப்புக்குத் தமிழ்ல பேர் வைக்கறது வேற பிரச்சனை. ஹாஸ்கல்ல டைப் பேர் பெரிய எழுத்துல தொடங்கணும், தமிழ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்துன்னே கிடையாது. இதை மாத்தணும்னா ஜிஹெச்சி ப்ரோபோசல் எழுதி, கமிட்டில பேசி, அதுக்கப்புறம் கோட் எழுதணும், நீண்ட வேலை. இப்போதைக்கு நாங்க அதுல கை வைக்கல. மேல சொன்ன ப்ரின்ட் விஷயம் மாதிரி தொடக்கத்துல காலைத் தட்டிவிடற இடங்களைத் தமிழ்ல எழுதி வைக்கற வேலையை எடுத்திருக்கோம், ஏன்னா அதை நாம செய்யலன்னா உலகத்துல வேற யாரும் செய்யப் போறதில்ல.

என்கிட்ட 8 ஜிபி லேப்டாப்தான் இருக்கு, கரண்ட் வேற போகும். சேர முடியுமா?

தாராளமா. ஹெச்எல்எஸ்ஸை முழுசா பில்ட் பண்ணாதான் மெமரி தின்னும். ஒரே சமயத்துல ஒரு வேலை மட்டும் ஓடற மாதிரி வச்சுக்கோங்க, ப்ரவுசரை மூடிருங்க, ராத்திரி போட்டு விட்டுருங்க. ஒரு ப்ளக்இன்ல மட்டும் வேலைன்னா அதை மட்டும் பில்ட் பண்ணிக்கலாம், முதல் தடவைதான் நேரம் எடுக்கும். கூடலூர் பக்கம் ஆடி மழையும், குன்னூர் கோத்தகிரி பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையும் அடிக்கறப்ப கரண்ட்டும் நெட்டும் நாள் கணக்குல போயிரும், அதனால ரிலீஸ் தேதிக்குக் கட்டுப்பட்ட வேலையை அந்தந்தப் பக்கத்து ஆளுங்க அந்த மாசங்கள்ல எடுத்துக்க வேண்டாம்னு எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு. பேக்கேஜ் எல்லாத்தையும் முன்கூட்டியே டவுன்லோட் பண்ணி வச்சுட்டா நெட் இல்லாமலும் பில்ட் ஓடும். டாக்குமென்டேஷன் எழுதறதுக்கு எந்த லேப்டாப்பும் போதும்.

நேர்ல சந்திக்கறீங்களா?

சந்திக்கறோம், பெரும்பாலும் குன்னூர்ல யாராவது ஒருத்தர் வீட்ல, டீயும் வர்க்கியும் இருக்கும். கோயம்புத்தூர்ல இருந்து சொந்தக் கார்லயோ பைக்லயோ வர்றவங்க நீலகிரிக்குள்ள வர இ-பாஸ் எடுத்துட்டு வாங்க, 2024 மே மாசத்துல இருந்து அது கட்டாயம். அரசு பஸ்ல வந்தா தேவையில்ல.

அக்கா, நான் இன்னைக்கே ஆரம்பிக்கணும். முதல்ல எதை எடுக்கட்டும்?

ஜிஹெச்சிஅப்பை ஒரு புது யூசர் அக்கவுண்ட்ல, சுத்தமா, முதல்ல இருந்து போட்டுப் பாரும்மா. எந்த இடத்துல நின்ன, என்ன மெசேஜ் வந்துச்சு, அந்த மெசேஜ்ல எது புரியல, அப்படியே எழுதி வை. பழகினவங்களுக்கு அந்த இடம் கண்ணுல படவே படாது, உனக்குத்தான் படும். எழுதினதை எங்கள்ல யாருக்காவது அனுப்பு, அதுல எது ஏற்கனவே தெரிஞ்ச பிரச்சனை, எது புதுசுன்னு கூட உக்காந்து பிரிச்சுக் காட்டறோம். புதுசா இருக்கறதை உன் பேர்லயே பதிவு பண்ணலாம்.